கிளப் பணம் அறுபதாயிரம்: கோச்சா, உயரமான கெஸ்ட்டா?

பெஞ்ச்சிலிருந்து | திங்கள், இரவு 9:10

ஞாயிறு கூட்டத்துக்கு வராதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பாஸ்கெட்பால் கிளப் கையில் அறுபதாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. பொங்கல் டோர்னமென்ட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து உயரமான இரண்டு கெஸ்ட் பிளேயர்களை இறக்கலாம் என்பது ஒரு கட்சி. அதே பணத்தில் பொள்ளாச்சியிலிருந்து ஒரு கோச்சைச் சனி, ஞாயிறு கொழிஞ்சாம்பாறைக்கு வரவைத்து நாலு மாதம் பையன்களைப் பழக்கலாம் என்பது இன்னொரு கட்சி. மழை வந்ததால் முடிவெடுக்காமல் கலைந்தோம்.

நான் கோச் கட்சி. சாட்சிக்கு லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் டீமைக் கூப்பிடுகிறேன். சுருக்கமாக யூ.சி.எல்.ஏ. 1964 முதல் 1975 வரை 12 சீசனில் 10 தேசியக் கோப்பை. அதில் 1967 முதல் 1973 வரை தொடர்ச்சியாக ஏழு. பத்துக்கும் ஒரே கோச், ஜான் வுடன்.

முதல் கோப்பையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் அந்த டீமின் முதல் ஐந்து பேரில் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. ஃபைனலில் எதிரே டியூக். அங்கே 6 அடி 10 அங்குலத்தில் இரண்டு பேர். டியூக் 30-27 என்று முன்னால் இருந்தபோது யூ.சி.எல்.ஏ. பதில் இல்லாமல் 16 பாயிண்ட் போட்டது. முடிவு 98-83. அந்த சீசனில் 30 மேட்ச், முப்பதும் ஜெயம். எல்லாம் முழு கோர்ட் பிரஸ் செய்த வேலை. கூடை விழுந்ததும் திரும்பி ஓடாமல், எதிராளி கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடும் இடத்திலேயே மடக்குவார்கள். நெட்டையானவன் ரிங்குக்குக் கீழே போய் நின்று கையைத் தூக்கினாலும் பந்து அங்கே வந்தால்தானே? வாய்க்கால் வரப்பில் ஓடி வளர்ந்த நம் பையன்களுக்கு இது பொருந்தாதா?

ஆறடி மூணு | திங்கள், இரவு 9:41

அண்ணா, பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறீர்கள். வுடன் அந்தக் கல்லூரிக்கு வந்தது 1948-ல். முதல் கோப்பை அவருடைய பதினாறாவது சீசனில். பதினாறு வருடம் கோச்சுக்குச் சம்பளம் கொடுக்க நம்மிடம் பணம் இருக்கிறதா? பொங்கலுக்கு நாலு மாதம்கூட முழுசாக இல்லை.

அடுத்த ஆதாரம். 1965-ல் 7 அடி 2 அங்குலத்தில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அப்போது பெயர் லூ ஆல்சிண்டர், பிற்பாடு கரீம் அப்துல் ஜப்பார். அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் மெயின் டீமில் ஆட முடியாது, 1972 வரை அப்படித்தான். அதனால் அவர்களுக்கென்று தனி டீம். பாலி பவிலியன் என்ற புது அரங்கம் திறந்தபோது முதலாண்டு டீமும் மெயின் டீமும் மோதின. மெயின் டீம் இரண்டு வருடம் தொடர்ந்து சாம்பியன். ஜெயித்தது முதலாண்டுப் பையன்கள், 75-60. ஆல்சிண்டர் மட்டும் 31 பாயிண்ட்.

அந்த சீசனில் மெயின் டீமுக்கு என்ன ஆனது? 18 வெற்றி, 8 தோல்வி, தேசிய டோர்னமென்ட்டுக்கே போகவில்லை. கோச் அதே கோச், பிரஸ் அதே பிரஸ். அடுத்த வருடம் ஆல்சிண்டர் உள்ளே வந்தார். மூன்று சீசனில் 88 வெற்றி, 2 தோல்வி, 3 கோப்பை.

இதற்கு மேல் என்ன வேண்டும்? உயரத்தைக் கோச் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் 6 அடி 3. என் அப்பாவும் அப்படியே. எந்தக் கோச்சுக்கும் இதில் பங்கில்லை.

சும்மா பாக்க வந்தேன் | திங்கள், இரவு 9:48

ஆறடி மூணு இருந்தும் போன பொங்கலுக்கு ரீபவுண்ட் (ரிங்கில் விழாமல் திரும்பும் பந்து) எத்தனை எடுத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள், பாவம்.

ரிட்டயர்டு மாஷ் | திங்கள், இரவு 10:30

தம்பிகளா, கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் டைப் செய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆல்சிண்டர் 1969-ல் போய்விட்டார். அடுத்த நெட்டை பில் வால்டன் மெயின் டீமுக்கு வந்தது 1971-72-ல். இடையில் இருந்த இரண்டு வருடத்தை ஆறடி மூணு தம்பி தாண்டிக் குதித்துவிட்டார். 1970, 1971 இரண்டிலும் கோப்பை யூ.சி.எல்.ஏ.வுக்கே. 1970 ஃபைனலில் எதிரணி ஜாக்சன்வில். அங்கே ஆர்ட்டிஸ் கில்மோர், 7 அடி 2 அங்குலம். இங்கே அவரைப் பிடித்தவர் சிட்னி விக்ஸ், 6 அடி 8 அங்குலம். கில்மோர் தூக்கிய பந்துகளையே விக்ஸ் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தட்டிவிட்டார். 80-69. அந்த நாளில் நெட்டை எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

ஆல்சிண்டரைப் பற்றியும் ஒன்று. அவருடைய முதல் சீசன் முடிந்ததும் கல்லூரி ஆட்டத்தில் டங்க்கை, அதாவது எம்பி ரிங்குக்கு மேலிருந்து பந்தை உள்ளே திணிப்பதை, தடை செய்தார்கள். 1976 வரை தடை இருந்தது. உயரம் மட்டுமே மூலதனம் என்றால் அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். அவர் பக்கவாட்டில் நின்று ஒரே கையைத் தலைக்கு மேல் வளைத்து எறியும் ஹுக் ஷாட்டைத் தீட்டினார். பிறகு தொழில்முறை ஆட்டத்தில் அதுவே அவருக்குச் சோறு போட்டது. ஒரு பையன் ஆளில்லாத கோர்ட்டில் ஒரே ஷாட்டை ஆயிரம் தடவை போடுகிறான் என்றால், போட வைக்க ஒருவர் வேண்டும்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வுடன் ஒவ்வொரு வருடமும் முதல் நாள் பயிற்சியில் பந்தை எடுக்க மாட்டார். சாக்ஸ் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் சுருக்கம் இல்லாமல் தடவி இழுக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் நாலு நாள் பயிற்சி போச்சு. அமெரிக்காவிலேயே பெயர் வாங்கிய பையன்கள் உட்கார்ந்து சாக்ஸ் போடக் கற்றார்கள். நம் பையன்களில் பாதிப் பேர் சாக்ஸே இல்லாமல் கான்வாஸில் காலை நுழைத்து சிமென்ட் கோர்ட்டில் ஓடுகிறார்கள். சர்வீஸில் இருந்தவரை என் பையில் பஞ்சும் டிங்சரும் இல்லாத நாள் கிடையாது.

செக்போஸ்ட் தாண்டி | செவ்வாய், காலை 7:15

இரண்டு கட்சிக்கும் வணக்கம். கோபாலபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

உயரமும் இல்லை, கோச்சும் இல்லை. விதிமுறையையும் பணத்தையும் பாருங்கள். அன்றைக்குத் தேசிய டோர்னமென்ட்டில் 22 முதல் 25 டீம்தான். ஒரு லீகிலிருந்து ஒரு டீம்தான் போகலாம். வட்டாரம் பார்த்துப் பிரிப்பார்கள், அதனால் யூ.சி.எல்.ஏ. எப்போதும் மேற்கு. கிழக்கிலும் நடுப்பகுதியிலும் நல்ல டீம்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விழும். முதல் சுற்று ஆடாமலேயே உள்ளே வந்து நாலு மேட்ச் ஜெயித்தால் கோப்பை. 1975-ல் 32 டீம் ஆனது, 1985-ல் 64 ஆனது. இப்போது 68. ஆறு மேட்ச் வரிசையாக ஜெயிக்க வேண்டும். 1975-க்குப் பிறகு அந்தக் கல்லூரிக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோப்பை, 1995-ல், ஜிம் ஹாரிக் கோச்சாக இருந்தபோது. ஆளியாறு அணை மாதிரிதான். மதகு யார் கையில் என்று பார்க்காமல், கீழே வயல் பச்சையாக இருப்பதற்கு விவசாயியை மட்டும் புகழக்கூடாது.

அப்புறம் சாம் கில்பர்ட். கட்டட கான்ட்ராக்டர், அந்த டீமின் பணக்கார ரசிகர். பிளேயர்களுக்கு அவர் செய்த உதவிகள் விதிக்குப் புறம்பு. 1981-ல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தண்டனை கொடுத்து, அவரோடு உறவை வெட்டச் சொன்னது. 1980-ல் ஃபைனல் வரை போன கணக்கையே ஏட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பெஞ்ச்சிலிருந்து | செவ்வாய், காலை 8:02

நீங்கள் சொல்லும் தண்டனை வுடன் போனபிறகு வந்தது. அவருடைய பத்துக் கோப்பையில் ஒன்றைக்கூட யாரும் பிடுங்கவில்லை.

செக்போஸ்ட் தாண்டி | செவ்வாய், காலை 8:20

பிடுங்கவில்லை, சரி. ஆனால் கில்பர்ட் 1981-ல் திடீரென்று முளைக்கவில்லை. வுடன் காலத்திலேயே பிளேயர்கள் அவர் வீட்டுக்குப் போய்வந்தார்கள். சாக்ஸின் சுருக்கம் கண்ணில் படுகிறவருக்கு அது படவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

ரிட்டயர்டு மாஷ் | செவ்வாய், பகல் 12:40

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் தன் கையால் பணம் கொடுத்தார் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் இருந்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. ஸ்கூலில் நானும் சில விஷயங்களைப் பார்க்காத மாதிரி போனவன்தான்.

விதிமுறை வாதம் மட்டும் எனக்குப் பாதிதான் ஏறுகிறது. மேற்கு சுலபம் என்றே வைத்துக்கொள்வோம். கடைசி நாலு டீம் என்று வந்துவிட்டால் எல்லா வட்டாரமும் அங்கே இருக்கும். அந்தப் பத்து வருடத்திலும் அங்கே இரண்டிரண்டு மேட்ச், இருபதும் ஜெயம். மேற்குக் காற்று அங்கேயுமா வீசியது?

ஆறடி மூணு | செவ்வாய், மாலை 6:55

மாஷ், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தோடு ஆடிய மேட்ச்சை விட்டுவிட்டீர்கள். 1968 ஜனவரி, ஆஸ்ட்ரோடோம் அரங்கம், 52,693 பேர் பார்த்த மேட்ச். அதுவரை தொடர்ந்து 47 மேட்ச் ஜெயித்திருந்த யூ.சி.எல்.ஏ. 71-69 என்று தோற்றது. ஏன்? அதற்கு முந்தின வாரம் ஆல்சிண்டருக்குக் கண்ணில் அடி. அவர் எறிந்த 18-ல் 4 மட்டும் விழுந்தது. நெட்டைக்குக் கண் சரியில்லை, டீம் விழுந்தது. என் கட்சி இங்கேயே ஜெயித்துவிட்டது.

பெஞ்ச்சிலிருந்து | செவ்வாய், மாலை 7:10

அதே ஹூஸ்டனை அதே மார்ச்சில் செமிஃபைனலில் என்ன செய்தார்கள் தம்பி? 101-69. ஜனவரியில் 39 பாயிண்ட் போட்ட எல்வின் ஹேஸுக்கு அன்று 10 பாயிண்ட். நாலு பேர் டைமண்ட் மாதிரி ஏரியா பிடித்து நிற்க, லின் ஷாக்கல்ஃபோர்டு என்ற ஒருவர் மட்டும் ஹேஸை நிழல்போல ஒட்டிக்கொண்டார். அந்தத் திட்டத்தைத் தீட்டியது உதவிக் கோச் ஜெர்ரி நார்மன். 1964-ல் முழு கோர்ட் பிரஸ் போடலாம் என்று வுடனை நச்சரித்து இணங்க வைத்தவரும் அவர்தான். உயரத்துக்கு ஷாக்கல்ஃபோர்டு 6 அடி 5. உன்னைவிட இரண்டு அங்குலம் அதிகம், அவ்வளவுதான்.

சும்மா பாக்க வந்தேன் | செவ்வாய், மாலை 7:13

அப்போ நாம் உதவிக் கோச்சைத்தான் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. சம்பளமும் குறையும்.

இடதுகைப் பொண்ணோட அம்மா | செவ்வாய், இரவு 9:30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

யூ.சி.எல்.ஏ. 1971 முதல் 1974 வரை தொடர்ந்து 88 மேட்ச் ஜெயித்ததே, அதை யாரும் இன்னும் எழுதவில்லை. அந்த ஓட்டம் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் கோர்ட்டில் முடிந்தது. கடைசி மூன்றரை நிமிடம் பாக்கி இருந்தபோது 70-59 என்று முன்னால் இருந்தார்கள். அதன்பிறகு ஒரு பாயிண்ட் போடவில்லை. நோட்ரடேம் வரிசையாக 12 போட்டது, 71-70. கோச் பெஞ்ச்சில்தான் இருந்தார், நெட்டை வால்டன் கோர்ட்டில்தான் இருந்தார். இரண்டு கட்சியும் இதற்கு என்ன சொல்வீர்கள்?

அந்த 88-ஐ 2010 டிசம்பரில் தாண்டியது யார் தெரியுமா? கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் டீம். 90 வரை போனார்கள். பிறகு 111 என்று இன்னொரு ஓட்டம். நான் இதை எழுதக் காரணம் இருக்கிறது. அறுபதாயிரத்தில் பெண் பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்த சந்தாவும் சேர்ந்திருக்கிறது. ஞாயிறு கூட்டத்தில் கெஸ்ட் என்றார்கள், கோச் என்றார்கள், பெண்கள் டீம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. என் பெண் வேலந்தாவளத்திலிருந்து சைக்கிளில் வருகிறாள். ஆறு மணிக்கு வந்தால் கோர்ட்டில் அண்ணன்மார் ஆடுகிறார்கள், ஏழு மணி வரை ஓரத்தில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். கெஸ்ட் இரண்டு பேர் பொங்கலுக்கு வந்து கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். அவளுக்கு அதில் என்ன?

ஆறடி மூணு | செவ்வாய், இரவு 9:52

அக்கா, மன்னிக்கவும். ஆறு மணிக்கு ஆடுகிறவர்களில் நானும் ஒருவன். நாளையிலிருந்து இடது பக்க ரிங்கை விட்டுத்தருகிறோம், அவள் வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள்.

கெஸ்ட் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பேர் வேண்டாம், ஒருவர் போதும் என்று இறங்கி வருகிறேன். மீதிக்குக் கோச். ஆனால் பொங்கலில் முதல் ரவுண்டிலேயே வெளியே போனால் யாரும் என்னைக் கேட்கக்கூடாது.

செக்போஸ்ட் தாண்டி | செவ்வாய், இரவு 10:05

ஒருவர் என்றாலும் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு வருடம் முன்னால் ஒரு டீம் கெஸ்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மேட்ச் அன்றைக்கு அவர் எதிர் டீம் ஜெர்சியில் வார்ம்அப் செய்ததைப் பார்த்தது. நான் ஸ்கோர் டேபிளில் இருந்தேன்.

பெஞ்ச்சிலிருந்து | செவ்வாய், இரவு 10:18

கோச் வருகிறார் என்றால் பெண்களுக்கும் ஒரு மணி நேரம் சேர்த்தே பேசுவோம் அக்கா. ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடி கூட்டம், இந்தத் தடவை நீங்கள் வந்தே ஆக வேண்டும்.

ரிட்டயர்டு மாஷ் | புதன், காலை 6:10

கூட்டம் இருக்கட்டும். நடந்துபோகும்போது பார்த்தேன், கோர்ட்டின் மேற்குப் பாதி முழுக்க யாரோ நெல் காயப்போட்டிருக்கிறார்கள். ஃப்ரீ த்ரோ கோடுவரை வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் அள்ளுவார்களா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள். பாலி பவிலியன் கட்டுமுன் பழைய ஜிம்மின் தரையை வுடன் தன் கையாலேயே துடைப்பார், எனக்கு இந்த முட்டியோடு அது ஆகாது. அங்கே இருந்த இரண்டு துடைப்பத்தில் ஒன்று காணோம். பந்து ரூம் சாவி யாரிடம்?