பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடுகிறேன், யாரும் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

செஞ்சிக்கோட்டை:

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அன்றன்று நடத்தியதற்கு ஏற்ற யூடியூப் வீடியோ, பாடப்புத்தக கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் வருவது, மணற்கேணி செயலியில் இருக்கும் பாடம், பழைய வினாத்தாள் பிடிஎஃப் என்று நல்லதாக எது கண்ணில் பட்டாலும் அதில் போட்டுவிடுவேன். கட்டைவிரல் வந்து விழுகிறது, "தேங்க்யூ சார்" வருகிறது. மறுநாள் வகுப்பில் கேட்டால் ஒரு முகத்திலும் பார்த்த அடையாளம் இல்லை.

பிள்ளைகளைத் திட்டவும் மனசு வரவில்லை. போன் அப்பாவுடையது. காலையில் அவரோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஏழு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும், அதற்குள் அன்றைய ஒன்றரை ஜிபி பெரும்பாலும் காலி, மிச்சம் மீதிக்குத் தம்பி தங்கைகள் வேறு போட்டி. பள்ளியில் ஹைடெக் லேப் உண்டு, ஆனால் எல்லா வகுப்புக்கும் அது ஒன்றுதான், முறை வைத்துத்தான் கிடைக்கும்.

இந்தக் குழுவை வைத்துக்கொண்டு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, இல்லை லீவு அறிவிப்பு போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாமா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அது போதும். பொதுவான அறிவுரை பயிற்சி வகுப்புகளிலேயே வேண்டிய அளவு கிடைத்துவிடுகிறது.

கரும்பலகை:

சார், நானும் கணக்குதான், திண்டுக்கல் பக்கம். முதலில் வீடியோவை நிறுத்துங்கள். வகுப்பில் நீங்கள் நடத்தியதையே இன்னொருத்தர் நடத்துவதை ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து பார்க்க எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும்? நமக்கே வராது. நாம் அனுப்பியதைப் பார்ப்பதற்கு அல்ல, அவர்களிடமிருந்து ஒன்று நம்மிடம் வருவதற்குத்தான் அந்தக் குழு என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் செய்வது இதுதான். சாயந்திரம் ஒரே ஒரு கணக்கு. வீடியோ இல்லை, லிங்க் இல்லை, எழுத்தாகவே தட்டி அனுப்புவேன், டேட்டா தீர்ந்து வேகம் படுத்திருக்கும்போதும் எழுத்து போய்ச் சேர்ந்துவிடும். நோட்டில் போட்டு, பக்கத்தை போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும், குழுவில் போடக்கூடாது. குழுவில் போட்டால் முதலில் வருகிற விடைதான் எல்லோருடைய விடையும்.

எந்தக் கணக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தொடர்வரிசை நடத்திய அன்று "7, 11, 15, 19... இதில் 2025 வருமா?" என்று கேட்டிருந்தேன். சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், போட்டார்கள், எத்தனையாவது உறுப்பு என்பதற்கு 505.5 என்று விடை வந்தது. பல பேர் "2025 என்பது 505.5 ஆவது உறுப்பு" என்று எழுதி, அடியில் கோடும் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் பெயரை மறைத்து அந்த ஒரு வரியை மட்டும் பலகையில் எழுதினேன். "சார், அரை உறுப்பு எப்படி சார் வரும்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் சிரித்தான், அப்புறம் அவன் நோட்டைப் பார்த்தால் அவனும் அதையேதான் எழுதியிருந்தான். உறுப்பின் எண் முழு எண்ணாகத்தான் இருக்கணும் என்பதை நான் தனியாக நடத்தியிருந்தால் இந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

எல்லா நோட்டையும் திருத்தாதீர்கள், முதுகு ஒடிந்துவிடும். போட்டோக்களை ஒரு ஓட்டம் பார்த்து, அதிகம் பேர் செய்த ஒரு தப்பை எடுத்துக்கொள்வது போதும். இன்னொன்று, குழுவில் அட்மின் மட்டும்தான் செய்தி போடலாம் என்று செட்டிங்கை மாற்றிவிடுங்கள், குட்மார்னிங் படங்களுக்கு அடியில் உங்கள் கணக்கு புதைந்து போகாது.

மின்சார வாத்தியார்:

மேலே சொன்னவர் சொன்னது சரி. அறிவியல் பக்கமிருந்து ஒன்று சேர்க்கிறேன், வீட்டு போனை நம்பாமல் லேபை நம்புகிறவன் நான்.

ஃபெட் என்று ஒரு தளம் இருக்கிறது, சோதனைகளைத் திரையிலேயே செய்துபார்க்கலாம், நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். இயற்பியலுக்கு 2001இல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன், மறு ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. முழுக்க இலவசம், சில பாடங்களில் தமிழும் கிடைக்கிறது. நமக்கு முக்கியமானது, ஒவ்வொரு பாடத்தையும் ஒற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவில் எடுத்துப் போய் லேப் கணினிகளில் போட்டுவிட்டால் பிரவுசரிலேயே ஓடும், அன்றைக்கு நெட் இருக்கிறதா என்ற கவலை இல்லை.

மின்னோட்டவியல் பாடத்துக்கு அதில் மின்சுற்று கட்டுகிற பகுதியைத் திறந்து கொடுத்தேன். பேட்டரி, வயர், பல்பு, சுவிட்ச் எல்லாம் ஓரமாக இருக்கும், இழுத்து இழுத்துச் சேர்க்க வேண்டியதுதான். நீங்கள் என்ன சொல்லி அனுப்பினாலும் சரி, பிள்ளைகள் முதலில் செய்வது பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் வயரால் சேர்ப்பது. திரையில் குப்பென்று தீப்பிடிக்கும். லேப் முழுக்க ஒரே கூச்சல். நிஜ பேட்டரியில் இதைச் செய்ய விடமாட்டோம் இல்லையா, இங்கே தாராளமாகக் கொளுத்தட்டும். மின்தடையே இல்லாத பாதையில் மின்னோட்டம் என்ன ஆகும் என்ற கேள்வி அதற்குப் பிறகு அவர்கள் வாயிலிருந்தே வருகிறது.

ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். மவுஸைத் தொடுவதற்கு முன்னால் நோட்டில் எழுதியாக வேண்டும்: இரண்டு பல்பைத் தொடராக வைத்தால் வெளிச்சம் கூடுமா குறையுமா, பக்க இணைப்பில் வைத்தால்? எழுதிவிட்டுப் பார்க்கிறவன் திரையோடு சண்டை போடுவான், எழுதாமல் பார்க்கிறவன் கேம் விளையாடிவிட்டுப் போய்விடுவான்.

உங்கள் பாடத்துக்கு ஜியோஜீப்ரா, வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்கிற மென்பொருள். கணக்குப் புத்தகத்தில் இணையச் செயல்பாடு என்று வரும் பக்கங்களில் அதற்கு லிங்க் இருக்கும், யாரும் திருப்புவதே கிடையாது. தேல்ஸ் தேற்றத்துக்கு ஒரு முக்கோணம் வரைந்து, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு, அது மற்ற இரண்டு பக்கங்களையும் வெட்டும் விகிதங்களைப் பக்கத்தில் வரவைத்துக்கொள்ளுங்கள். பிறகு உச்சியைப் பிடித்து எப்படி வேண்டுமானாலும் இழுக்கச் சொல்லுங்கள். முக்கோணம் கோணல்மாணலாகப் போனாலும் இரண்டு விகிதமும் எப்போதும் சமமாகவே இருக்கும். நிரூபணம் எழுதுவது வேறு, அது பலகையில்தான்.

ஓய்வுக்குப் பக்கத்தில்:

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது. அடுத்த மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது, நல்ல வேளை இது இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். பாடம் ஓடியது, யூடியூபிலும் ஏறியது, குறையே சொல்ல முடியாத பாடங்கள் அதில் உண்டு. ஆனால் 2021 அக்டோபரில் அரசாங்கம் என்ன ஆரம்பித்தது? இல்லம் தேடிக் கல்வி. எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளைச் சாயந்திரம் தெருவில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்களை அனுப்பினார்கள். திரை வழியாகப் போகாததை எதிரில் உட்கார்ந்து சொல்லித்தான் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

திண்டுக்கல் சாருக்கு ஒரு கேள்வி. போட்டோ அனுப்பாத பிள்ளைகள் யார் என்று பார்த்தீர்களா? வீட்டில் பட்டன் போன் மட்டும் இருக்கிறவன், அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருப்பவன், போனைத் தொட்டாலே திட்டு வாங்குகிற பொண்ணு. ஏற்கெனவே பின்னால் இருப்பவர்கள்தான் இதிலும் விடுபடுவார்கள். ஆசிரியருக்கும் ராத்திரி என்று ஒன்று உண்டு, அது தனிக் கதை.

கரும்பலகை:

ஐயா, நீங்கள் கேட்டது நியாயம். அதனால்தான் தெருவாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒரு தெருவுக்கு ஒரு போன் இருந்தால் போதும். போன் இருக்கிற வீட்டுப் பிள்ளை கணக்கைப் படித்துச் சொல்லும், மற்றவர்கள் அவரவர் நோட்டில் போட்டு அந்த ஒரே போனிலிருந்து அனுப்புவார்கள். தனியாகத் தொங்குகிற ஒன்றிரண்டு வீடுகளுக்கு வகுப்பு முடியும்போதே கணக்கைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன், அவர்கள் நோட்டைக் காலையில் பார்ப்பேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் நான் போனைத் திறப்பதில்லை, அதையும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ரெண்டு பொண்ணுக்கு அம்மா:

நான் டீச்சர் இல்லை, படிக்கிற பிள்ளைகளின் அம்மா. வாத்தியார்கள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். குழுவில் சேர்த்தால் என் நம்பர் அத்தனை வீட்டுக்கும் தெரியும். அதை வைத்து யாரோ ஒருத்தர் வீட்டு அண்ணன் ராத்திரி பத்து மணிக்கு "ஹாய்" போடுவார். எங்கள் தெருவில் இது நடந்து, அந்த வீட்டில் பொண்ணுக்குப் போன் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பாடமும் அதோடு போச்சு.

குழுவுக்குப் பதிலாக பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள் சார். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் ஒரு தடவை அனுப்பினால் எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும், பதில் உங்களுக்கு மட்டும் வரும், ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கவனிக்கணும், உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். பெற்றோர் கூட்டத்தன்று எல்லோரையும் அங்கேயே சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

முதல் பட்டதாரி:

நான் இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. மேலே பேசியவர்கள் சொல்லிக்கொடுக்கிற பக்கம், நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். எங்கள் காலேஜில் ஒரு பாடத்துக்கு ஆள் இல்லாமல் பாதி செமஸ்டர் போனது, அதை முழுக்க என்பிடெல் வீடியோக்களில்தான் படித்தேன். அவை ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, தரத்தில் குறை இல்லை. ஆனாலும் முதல் மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், தேர்வுத் தாளில் கை ஓடாது.

அப்புறம் தேடிப் படித்ததில் ஒரு ஆய்வு கிடைத்தது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, ஒரு சாராரைத் திரும்பத் திரும்பப் படிக்க விட்டார்கள், இன்னொரு சாராரைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்து வைத்தால் மூடிவைத்து எழுதியவர்கள் முன்னால். என் கதையும் அதேதான் என்று தோன்றியது. அதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்தி, வெள்ளைத் தாளில் அதுவரைக்கும் சொன்னதை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஓட்டுவேன். ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். வீடியோவை காலேஜ் வைஃபையில் இறக்கிக்கொள்வேன், டேட்டா செலவு இல்லை.

அதனால் வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன் சார். அனுப்பினால் முழு வீடியோவை அனுப்பாதீர்கள், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று சொல்லி, அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்தால் மட்டுமே விடை சொல்ல முடிகிற ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள்.

செஞ்சிக்கோட்டை:

எல்லோருக்கும் நன்றி. பிராட்காஸ்ட் லிஸ்ட் விஷயம் இவ்வளவு நாள் என் கண்ணில் படவே இல்லை, இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு கணக்கு, அதுவும் எழுத்தில். லேபில் எங்கள் முறை வரும் அன்று ஜியோஜீப்ரா.

ஒரு சந்தேகம் பாக்கி. இப்போது பிள்ளைகள் கணக்கை போட்டோ எடுத்து சாட்ஜிபிடி மாதிரி எதிலாவது போட்டால் படிப்படியாக விடை வந்துவிடுகிறது. அதை நோட்டில் அழகாகப் பார்த்து எழுதி எனக்கு அனுப்பினால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

கரும்பலகை:

கண்டுபிடிக்கிற வேலையே வேண்டாம் சார், போலீஸ் உத்தியோகம் நமக்கு எதற்கு. வாரத்தில் ஒருநாள் நோட்டு போட்டோவுக்குப் பதில் குரல் பதிவு கேளுங்கள். "இந்தப் படியில் ஏன் நாலால் வகுத்தாய், சொல்லு." அரை நிமிடம் போதும், டேட்டாவும் பெரிதாகப் பிடிக்காது. பார்த்து எழுதினவனால் எழுதியதை வாசிக்கத்தான் முடியும், ஏன் என்று கேட்டால் நிற்பான். எதில் பார்த்திருந்தாலும் சரி, புரிந்துகொண்டு சொல்லிவிட்டான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். 505.5 வந்த கணக்கை ஒருத்தி கடைசியில் குரல் பதிவில் சொன்னாள்: "சார், நாலு நாலா தாண்டிப் போறோம், 2023ல கால் வைக்கிறோம், அடுத்தது 2027, நடுவுல 2025 மேல கால் படாது." சூத்திரமே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

செஞ்சிக்கோட்டை:

அருமை சார். ஆனால் எங்கள் பிள்ளைகள் வகுப்பிலேயே வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள், போனில் பேசுவார்களா?

ரெண்டு பொண்ணுக்கு அம்மா:

வகுப்பில் பேசாததுதான் சார் போனில் பேசும். என் சின்னவள் அப்படித்தான், நாலு தடவை அழித்து அழித்துப் பதிவு செய்து, அஞ்சாவது தடவை அனுப்புவாள். எல்லோருக்கும் போட்டுக் காட்டமாட்டேன் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதிலுக்கு நீங்களும் ஒரு வரி குரலிலேயே அனுப்புங்கள், பெயர் சொல்லி.