ம்வான்சாவில் பலித்த சிகிச்சை ராக்காயில் பலிக்காதது ஏன்? கிராமப்புற இளையோரும் பால்வினை நோய்களும்

கேள்வி (பொதுச் சுகாதார மாணவி)

வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் பால்வினை நோய்த் தடுப்பைப் பற்றி முதுநிலைப் படிப்புக்காகக் கட்டுரை எழுதி வருகிறேன். தான்சானியாவின் ம்வான்சா பகுதியில் 1991க்கும் 1994க்கும் இடையே, ஊர்ச் சுகாதார நிலையப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்து, இந்நோய்களுக்கான சிகிச்சையை மேம்படுத்தியதால் புதிய எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. ஆனால் உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில், 10 மாதங்களுக்கு ஒரு முறை வீடு வீடாகச் சென்று, நோய்க்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் மருந்து கொடுத்தும் எச்.ஐ.வி. குறையவில்லை என்று 1999இல் முடிவு வெளியானது. இந்த முரணை எப்படிப் புரிந்துகொள்வது? இளையோரைப் பொறுத்தவரை இதிலிருந்து என்ன பெறலாம்?

மறுமொழி 1 (தொற்றுநோயியல் ஆசிரியர்)

இரண்டு ஊர்களும் ஒரே நிலையில் இருக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆய்வு தொடங்கியபோது ம்வான்சாவில் வயதுவந்தோரில் சுமார் 4 விழுக்காட்டினருக்கும், ராக்காயில் சுமார் 16 விழுக்காட்டினருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. தொற்று அந்த அளவுக்குப் பரவிவிட்ட இடத்தில், எச்.ஐ.வி. எளிதில் தொற்ற வழிசெய்யும் வெட்டை நோயோ (கொனோரியா) கிரந்தியோ (சிபிலிஸ்) துணை நிற்காமலேயே வைரஸ் பரவிக்கொண்டிருக்கும். ராக்காயில் பிறப்புறுப்புப் புண்களுக்குப் பெருங்காரணம் ஹெர்ப்பீஸ் என்ற வைரஸ் நோய். அதை எந்த நுண்ணுயிர்க்கொல்லியாலும் குணப்படுத்த முடியாது. இன்னொன்று, 10 மாத இடைவெளி மிக நீண்டது. அதற்குள் மீண்டும் தொற்றிக்கொள்ளலாம். ம்வான்சாவிலோ வலியும் புண்ணும் வந்த அன்றே நடந்து சென்று மருந்து வாங்கக்கூடிய நிலையம் எந்நாளும் திறந்திருந்தது. ராக்காய் முயற்சியை வீண் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்: கர்ப்பிணிகளிடத்திலும் பிறந்த குழந்தைகளிடத்திலும் அந்த மருந்தால் பயன் கிடைத்தது.

மறுமொழி 2 (முன்னாள் செவிலியர்)

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் விக்டோரியா ஏரிக்குத் தெற்கே ஒரு கிராம மருத்துவ நிலையத்தில் பணியாற்றியவள் என்ற முறையில், இளையோர் பற்றிய கேள்விக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆய்வகம் இல்லாத இடங்களில் நோய்க்குறியைக் கேட்டு, அதற்கு வாய்ப்புள்ள நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பதே வழக்கம். ஆண்களின் சிறுநீர்க்குழாய்க் கசிவுக்கு இது நன்றாகவே பயன்படுகிறது. பெண்களிடம்தான் இது தோற்றுப்போகிறது. கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தக் குறியும் இருப்பதில்லை. வெள்ளைப்படுகிறது என்று வருபவளுக்கோ பல நேரங்களில் பால்வினை நோயே இருக்காது. ஆகவே நோயுள்ளவள் மருந்தின்றித் திரும்புகிறாள், நோயில்லாதவள் கணவனுக்கும் சிகிச்சை வேண்டும் என்ற செய்தியோடு வீட்டுக்குப் போகிறாள். அந்தச் செய்தி ஒரு குடும்பத்தில் எத்தகைய சந்தேகத்தையும் அடியையும் கிளப்பக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் திண்ணையில் ஒரே ஒரு நீண்ட பெஞ்சுதான் இருந்தது. பதினெட்டு வயதுப் பெண் அதில் தன் அத்தைக்கும் பள்ளி ஆசிரியைக்கும் நடுவே உட்கார்ந்திருப்பாள்; பதிவேட்டில் எழுதுவதற்காக என்ன தொந்தரவு என்று கேட்டால் வயிற்றுவலி என்று மட்டுமே சொல்வாள். துணைவருக்காக நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டை நான்காக மடித்துத் துணி முனையில் முடிந்துகொண்டு போவாள். அந்தச் சீட்டோடு ஓர் இளைஞன் வந்து நிற்பது அரிது. பையன்கள் மருந்துக்கடையில் நான்கைந்து மாத்திரைகளை மட்டும் வாங்கி விழுங்கிவிட்டு, எரிச்சல் அடங்கியதும் குணமாகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள்.

கேள்வியாளர்

மிக்க நன்றி, அம்மா. அப்படியானால் பள்ளியிலேயே கற்றுக்கொடுத்தால் இந்தத் தயக்கம் குறையாதா?

மறுமொழி 3 (ஆய்வுப் பணியாளர்)

அதையும் ம்வான்சாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மெமா குவா விஜானா என்ற திட்டம் 20 சமூகங்களில் நடந்தது: தொடக்கப்பள்ளி மேல்வகுப்புகளில் பாடம், இளையோரை மதித்து நடத்தும் மருத்துவ நிலையம், ஊருக்குள் ஆணுறை விநியோகம். பிள்ளைகளின் அறிவு கூடியது, ஆண்டுகள் கடந்தும் அது நிலைத்தது, எச்.ஐ.வி.யும் ஹெர்ப்பீஸும் குறையவில்லை. இதைப் பாடத்தின் குறையாக நான் பார்க்கவில்லை. பள்ளிக் கட்டணத்துக்கோ சோப்புக்கோ தன்னைவிட வயதில் மூத்த ஆணைச் சார்ந்திருக்கும் பெண், ஆணுறை வேண்டும் என்று வற்புறுத்தும் இடத்தில் இல்லை. தென்னாப்பிரிக்க நேட்டால் கிராமங்களில் கிரந்தி பரவியதைச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் ஆண்களை இழுத்துச் சென்ற கூலிமுறையோடு இணைத்து, மருத்துவர் சிட்னி கார்க் 1949லேயே எழுதினார். உங்கள் கட்டுரையில் அவருக்கு அவசியம் இடம் கொடுங்கள்.

செவிலியர் அம்மா சொன்ன பெஞ்சைச் சுற்றிப் போகும் வழி ஒன்று உண்டு. அதே தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணக் கிராமப்புறத்தில் 15 முதல் 24 வயது வரையிலானோரிடம் நடந்த ஆய்வில், பெண்கள் வீட்டிலேயே தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள், ஆண்கள் சிறுநீர் கொடுத்தார்கள். குணப்படுத்தக்கூடிய தொற்று கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் சொல்லாதவர்கள். காசநோய்ச் சளியைச் சோதிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியே கிளமிடியாவையும் வெட்டை நோயையும் சுமார் 90 நிமிடங்களில் கண்டறியும். கருவி பல மாவட்ட மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது. தடையாக இருப்பது சோதனைக் குப்பியின் விலை. கிரந்திக்கும் எச்.ஐ.வி.க்கும் விரல்நுனிக் குருதியில் ஒரே பட்டையில் செய்யும் சோதனை அதைவிட மிகவும் மலிவானது; ஆகவே செலவைக் கணக்கிடும் பகுதியில் இரண்டையும் தனித்தனியே வைத்து எழுதுங்கள்.