சீஸ் வடித்த தண்ணீரை எங்கே விடுவது?

குலசேகரம்காரி:
வீட்டுப் பக்கத்தில் சின்னக் கொட்டகை போட்டு சீஸ் செய்கிறேன். தினம் 100 லிட்டர் பசும்பால். 10 கிலோ சீஸ் போக, 90 லிட்டர் அளவுக்கு மஞ்சள் தெளிவு மிஞ்சும். இரண்டு மாதமாக வாழை மூட்டில் ஊற்றினேன். இப்போது மண் புளித்து நாறுகிறது, நாலு மூடு ஏத்தன் வாழை மஞ்சளித்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி தன் கிணற்றை நினைத்துப் பயப்படுகிறார். நியாயமான பயம்தான். ஓடையில் விட எனக்கு மனம் இல்லை, அது கோதையாற்றுக்குப் போகிறது. வழி சொல்லுங்கள்.

மாட்டுத்தொழுவம்:
உப்புச் சேர்க்கும் முன் வடித்ததா? அப்படியென்றால் அன்றன்றைக்கே மாட்டுக்குக் கொடுக்கலாம். ஒரேயடியாக வைக்காதீர்கள், வயிறு கழியும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பன்றி வளர்ப்பவர்களும் கேட்டு வாங்குவார்கள்.

தக்கலை சாணவாயு:
அக்கா, ஓடையில் விடாதது பெரிய காரியம். வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர் இழுக்கும் பிராணவாயுவின் அளவு, லிட்டருக்கு 200-300 மில்லிகிராம்தான். இந்தத் தெளிவில் 30,000-க்கு மேல். உங்கள் 90 லிட்டர், 9,000 லிட்டர் சாக்கடைக்குச் சமம். தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை எல்லாம் இழுத்துவிடும், மீன் மிஞ்சாது. ரப்பர் ஷீட் அடிக்கிற தண்ணீர் தேங்கினால் என்ன நாற்றம் என்று நமக்குத் தெரியுமே.

ரென்னட் (பாலைத் திரிக்கும் நொதி) போட்டுத் திரித்ததென்றால் முதலில் அதை 85-90 டிகிரிக்குக் காய்ச்சி, கொஞ்சம் வினிகர் விடுங்கள். மிச்சப் புரதம் திரண்டு ரிக்கோட்டா என்கிற மென்மையான சீஸாக வரும். பனீர் தண்ணீரில் இது வராது; அந்தப் புரதம் பனீரோடே போய்விடும்.

அதற்கப்புறமும் பாலின் சர்க்கரை அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும். அதைச் சாண எரிவாயுத் தொட்டிக்கு விடலாம். நான் முதல் நாளே முப்பது லிட்டர் ஊற்றி, தொட்டி புளித்து, மூன்று வாரம் அடுப்பு எரியவில்லை. சர்க்கரை சட்டென்று அமிலமாகிவிடும், வாயு உண்டாக்கும் நுண்ணுயிர் அதைத் தாங்காது. அதனால் சாணம் கரைக்கும் தண்ணீருக்குப் பதிலாக 5 லிட்டர் மட்டும் சேர்த்துத் தொடங்குங்கள். வாயு குறையவில்லை என்றால் மெல்லக் கூட்டலாம். வெளியே வரும் கரைசலை வாழைக்குத் தாராளமாக விடலாம்.

பாத்திரம் கழுவிய காஸ்டிக் தண்ணீரும் உப்புக் கரைசலும் தொட்டிக்குள் போகவே கூடாது. உப்புக் கரைசலை வடிகட்டி, காய்ச்சி, மறுபடி பயன்படுத்துங்கள்.

குலசேகரம்காரி:
ரென்னட்தான் தம்பி. உப்பு பிறகுதான். தொட்டி 2 கன மீட்டர், மாடு மூன்று. நாளைக்கே 5 லிட்டரில் தொடங்குகிறேன். மாமியிடமும் இன்றே போய்ச் சொல்கிறேன். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போடலாமா?

தக்கலை சாணவாயு:
போடலாம், ஆனால் முதலில் ஊற்றுவதை நிறுத்துங்கள். மண்ணைக் கொத்திக் காற்றாட விட்டு, மண் பரிசோதனை பார்த்து அளவோடு போடுங்கள்.