அல்-காஃபி தொகுத்த குலைனி: ஷியாக்களின் புகாரியா இவர்?

மண்ணடிக்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும். மூர் மார்க்கெட்டில் அல்-காஃபி என்கிற ஷியா ஹதீஸ் தொகுப்பின் முதல் பாகம், ஆங்கில மொழிபெயர்ப்பு, பழசு ஒன்று கிடைத்தது. அட்டை போய்விட்டது, உள்ளே நன்றாக இருக்கிறது. நான் சுன்னி, தெரு மதரசாவில் ஓதியதோடு சரி. எங்கள் பக்கம் ஷியா என்றால் முஹர்ரம் சமயத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலைப் பற்றிப் பேசுவார்கள், அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இதைத் தொகுத்த குலைனி யார்? ஹதீஸ் தொகுப்பு என்றால் நமக்கு புகாரி மாதிரி அவர்களுக்கு இதுவா? சண்டை வேண்டாம் பாய், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஏடு:
வ அலைக்கும் ஸலாம். முழுப்பெயர் முஹம்மத் இப்னு யஅகூப் அல்-குலைனி. இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ரய் நகரத்துப் பக்கம் குலைன் என்ற ஊர். கடைசிக் காலத்தில் பக்தாதில் இருந்தார், ஹிஜ்ரி 329 வாக்கில், அதாவது கி.பி. 941ஐ ஒட்டி, அங்கேயே இறந்தார். சொந்த வாழ்க்கை பற்றி இதற்கு மேல் அதிகம் கிடைக்காது, மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் புத்தகத்தின் முன்னுரைக்குத்தான் போக வேண்டும். ஒரு நண்பர், நபியும் இமாம்களும் சொன்னதாக வரும் அறிவிப்புகள் (ஹதீஸ்கள்) ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லை, மார்க்கம் முழுவதும் ஒரே நூலில் வேண்டும் என்று புலம்ப, அதற்குப் பதிலாகத்தான் இதைத் தொகுத்ததாகச் சொல்கிறார். இருபது வருட வேலை, 16,000க்கு மேல் ஹதீஸ். பக்தாதை ஷியா வம்சத்தாரான புவைஹிகள் பிடித்தது 945இல்தான், அதனால் ஷியா அரசர் யாரும் பின்னால் நின்று செலவு செய்த வேலை இல்லை இது. ஷியாக்களின் நான்கு மூல ஹதீஸ் நூல்களில் இதுதான் முதலாவது, ஆகவே அவர்களுடைய புகாரி என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெரம்பூர்_ஷியா:
கடைசி வரி மட்டும் சரியில்லை அண்ணே. நாங்கள் காஃபியை மதிக்கிறோம், ஆனால் நீங்கள் புகாரியைச் சொல்வது போல உள்ளே இருப்பதெல்லாம் ஸஹீஹ், அதாவது நம்பகமானது, என்று எங்கள் பெரும்பாலான ஆலிம்கள் (அறிஞர்கள்) சொல்வதில்லை. ஈரானில் சஃபவி மன்னர்கள் காலத்து ஷியா அறிஞர் மஜ்லிஸி இதற்கு உரை எழுதும்போதே ஹதீஸ் ஹதீஸாக எடுத்து, அறிவிப்பாளர் தொடரைப் பார்த்து, ஏகப்பட்டவற்றைப் பலவீனம் என்று குறித்திருக்கிறார். மறைந்திருப்பதாக நாங்கள் நம்பும் பன்னிரண்டாம் இமாமே இந்த நூலைப் பார்த்து "இது நம் ஷியாக்களுக்குப் போதும்" என்று சொன்னதாக ஒரு கதை சுற்றுகிறது, அதையும் எங்கள் அறிஞர்களே ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டார்கள். குலைனியே முன்னுரையில், முரண்படும் அறிவிப்புகளைக் குர்ஆனோடு உரசிப் பார் என்றுதான் வழி சொல்கிறார். யூடியூபில் காஃபியிலிருந்து ஒரு வரியை உருவி "இதோ பார் ஷியா நம்பிக்கை" என்று கத்துகிறவர்கள் இதையெல்லாம் புரட்டியே இருக்க மாட்டார்கள்.

மண்ணடிக்காரன்:
ஜஸாக்கல்லாஹ் பாய். இப்போதுதான் முதல் அத்தியாயம் பார்த்தேன், நான் தொழுகை, நோன்பு என்று தொடங்கும் என நினைத்தேன், அறிவும் அறியாமையும் என்று தொடங்குகிறது! அல்லாஹ் அறிவைப் படைத்து வா என்றானாம், வந்ததாம், போ என்றானாம், போனதாம். இதுதான் முதல் ஹதீஸ். தொழுகை எல்லாம் எங்கே?

பெரம்பூர்_ஷியா:
அது ஃபுரூஃ, அதாவது நடைமுறைச் சட்டப் பகுதி, பின்னால் வரும் பாகங்களில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது உஸூல், கொள்கைப் பகுதி. ரவ்ளா என்று கடைசியில் ஒன்று உண்டு, கடிதம், பிரசங்கம், கதை எல்லாம் கலந்து கிடக்கும். முதலில் முன்னுரையைப் படியுங்கள், சின்னதுதான்.