லைசென்ஸ் வந்த கையோடு எக்ஸ்யூவி700 சாவியைக் கேட்கிறான் பையன், கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை அப்பா

வணக்கம். மகனுக்கு 18 முடிந்ததும் எல்எல்ஆர் போட்டு, டிரைவிங் ஸ்கூலில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, போன வாரம் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. ஸ்கூலில் ஓட்டியது கியர் வண்டி, பழைய ஸ்விஃப்ட். வீட்டில் நிற்பது எக்ஸ்யூவி700, பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 200 குதிரைத்திறன். வேறு கார் கிடையாது. எனக்கு ஹார்பர் கிளியரிங் வேலை, பாரிஸ் கார்னர் ஆபீசுக்கு மெட்ரோவில் போய்விடுவதால் வார நாட்களில் வண்டி வீட்டில்தான் நிற்கிறது, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பையனுக்கு ஆசை வந்திருக்கிறது, அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை.

அவன் கேட்பது இதுதான்: சனிக்கிழமை ராத்திரி கல்லூரி நண்பர்கள் நாலு பேரோடு ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் போய், விடிந்ததும் திரும்ப வேண்டும். வீட்டம்மா வேண்டவே வேண்டாம் என்கிறாள், அப்படி ஓட்டியே ஆகவேண்டும் என்றால் பழைய ஆல்டோ ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்கிறாள். என் அண்ணனோ, லைசென்ஸ் இருக்கிறது, கொடுத்தால்தானே கை பழகும் என்கிறார். பையன் நல்லவன், எந்தப் பழக்கமும் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை திருவொற்றியூர் ஹை ரோட்டில் என்னை உட்கார வைத்து ஓட்டினான். டோல்கேட் தாண்டி ரோடு கொஞ்சம் காலியானதும் ஆக்சிலரேட்டரை மிதித்தான், வண்டி பாய்ந்தது, அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லத் தெரியவில்லை, வயிற்றைக் கலக்கிவிட்டது.

பவர்தான் பிரச்சினையா? சின்ன வண்டி வாங்குவது நல்லதா? இன்சூரன்ஸில் அவன் பெயரைச் சேர்க்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர் டிரெய்லர்

அண்ணே, நான் நாற்பது அடி டிரெய்லர் ஓட்டியவன், இப்போது சொந்தமாக வண்டி வைத்திருக்கிறேன். காரின் பவர் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நம்ம பக்கத்து ரோட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

என் கேபினில் உட்கார்ந்தால் இடது பக்கக் கதவை ஒட்டி வரும் கார் எனக்குத் தெரியவே தெரியாது. பம்பருக்கு நேர் கீழே நிற்பதும் தெரியாது. உங்கள் வண்டி உயரமானதுதான், ஆனாலும் எங்கள் கதவுக்குக் கீழே ஒட்டி வந்தால் மறைந்துவிடும். டிரெய்லர் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வலது பக்கம் ஒதுங்கித்தான் திரும்ப முடியும், இல்லாவிட்டால் பின் சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறிவிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், இடது பக்கம் காலியாக இருக்கிறதே என்று மூக்கை நுழைக்கிறார்கள். பவர் வண்டி என்றால் நினைத்த நொடியில் நுழைந்துவிடலாம், மாட்டிக்கொண்டபின் வெளியே வர இடம் இருக்காது. லோடு ஏற்றிய டிரெய்லரை ஒரு காருக்காகச் சட்டென்று நிறுத்தவும் முடியாது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும்போது, இரண்டு வண்டிக்கு நடுவில் இருந்து டிரைவரோ கிளீனரோ டீக்கு இறங்கி வருவார்கள். காசிமேடு பக்கம் விடியற்காலையில் மீன் ஏற்றிய வண்டிகள், ஐஸ் தண்ணீர் சொட்டி வழுக்கும் ரோடு. மீஞ்சூர் வண்டலூர் அவுட்டர் ரிங் ரோடு காலியாகக் கிடக்கும், மிதிக்கத் தோன்றும், ஆனால் ராத்திரியில் லைட் போடாமல் ஓரமாக நிறுத்திய லாரி திடீரென்று எதிரே முளைக்கும். அந்த ரோட்டை மட்டும் இருட்டில் அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

ஒன்று செய்யலாம். ஒரு நாள் பையனை எங்கள் ஷெட்டுக்குக் கூட்டி வாருங்கள். கேபினில் ஏற்றி உட்கார வைத்து, உங்கள் காரை இடது பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துவோம். கார் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று அவனே பார்க்கட்டும். பத்து நாள் புத்தி சொல்வதைவிட அது மனதில் நிற்கும்.

கொளத்தூர் டிரைவிங் மாஸ்டர்

டெஸ்டில் என்ன பார்க்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் சார். பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்வார், கியர் விழுகிறதா, சிக்னல் காட்டுகிறானா, ரிவர்ஸ் வருகிறதா, அவ்வளவுதான். எல்எல்ஆர் வாங்கி 30 நாள் ஆனாலே டெஸ்டுக்குப் போகலாம். ராத்திரி ஓட்டத் தெரியுமா, மழையில் தெரியுமா, ஐந்து பேர் ஏறிய வண்டியை நிறுத்தத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. நேற்று வரை எல் போர்டும் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆளும் கட்டாயம், லைசென்ஸ் வந்த மறுநாள் எந்தக் காரையும் எந்த நேரத்திலும் தனியாக ஓட்டலாம். நம்ம சட்டத்தில் நடுவில் படியே கிடையாது. அந்தப் படியை நீங்கள்தான் வீட்டில் கட்ட வேண்டும்.

இனி அந்த வண்டி. கியர் வண்டியில் பழகியவன் ஆட்டோமேட்டிக்கில் ஏறினால் முதல் ஆபத்து இடது கால். கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதிப்பான், பின்னால் வருகிறவன் இடிப்பான். இடது காலை மடக்கி ஓரமாக வைக்கப் பழக்குங்கள், பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் ஒன்றுதான். இரண்டாவது டர்போ, அதாவது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளிப் பவரை ஏற்றும் கருவி. மிதித்ததும் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, அப்புறம் மொத்தமாக இழுக்கும். அந்த ஒரு கணத்தில் புது ஆள் இன்னும் கொஞ்சம் மிதித்துவிடுவான். நீங்கள் சொன்ன பாய்ச்சல் அப்படி வந்திருக்கலாம், வேண்டுமென்றே செய்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதையும் அவனிடம் கணக்காகச் சொல்லுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், அதற்குள் வண்டி 17 மீட்டர் போயிருக்கும், அப்புறம் காய்ந்த ரோட்டில் நிற்க இன்னொரு 20 மீட்டர். 80 என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 58 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, நிற்கும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. சென்னைக்குள் 2023 கடைசியில் இருந்து காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று போலீஸ் வைத்திருப்பது சும்மா இல்லை.

அக்கா பயப்படுவது நியாயம், ஆனால் பழைய ஆல்டோ வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மோதினால் எதற்குள் இருப்பது மேல்? உங்கள் வண்டிக்கு 2021இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு காரை மோதவிட்டுப் பார்க்கும் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார் கிடைத்தது. ஏர்பேக் இல்லாத பழைய சின்ன வண்டியில் அவன் மெதுவாகப் போனாலும் எதிரே வருகிறவன் மெதுவாக வரவேண்டுமே. பெரிய வண்டியே இருக்கட்டும், நீங்கள் இடது சீட்டில் இருங்கள். ஞாயிறு காலையில் மாத்தூர் எம்எம்டிஏ தெருக்களில் நிறுத்துவது, வளைப்பது, ரிவர்ஸ். அது கைக்கு வந்ததும் மாதவரம் 200 அடி ரோடு. அப்புறம் சாயங்கால நெரிசலில் மூலக்கடை. ராத்திரியும் மழையும் கடைசியில், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.

பெரம்பூர் டு சிட்னி

மாஸ்டர் சொன்ன படி இங்கே சட்டமாகவே இருக்கிறது, உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 120 மணி நேரம் பக்கத்தில் ஆள் வைத்து ஓட்டியதைப் புத்தகத்தில் பதிந்து காட்ட வேண்டும், அதில் 20 மணி நேரம் ராத்திரி ஓட்டம். அதற்குப் பிறகுதான் புது ஓட்டுநர் வண்டியில் மாட்டும் சிவப்பு பி பிளேட். அதோடு 90க்கு மேல் போகக்கூடாது, ஒரு சொட்டு மது கூடாது, போனைத் தொடவே கூடாது.

பவருக்கும் தடை உண்டு, ஆனால் அது டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டிய வண்டிகளுக்கு. உங்கள் 200 குதிரைத்திறன் என்பது 147 கிலோவாட், வண்டி எடை ஏறக்குறைய 1.8 டன், வகுத்தால் 80 சொச்சம்தான் வரும். அதாவது உங்கள் காரை இங்கே 18 வயதுப் பையன் தாராளமாக ஓட்டலாம். ஆனால் உங்கள் மகன் கேட்கும் பயணத்தை அவனால் போக முடியாது. 25 வயதுக்குக் கீழே சிவப்பு பிளேட்காரர் ராத்திரி 11 முதல் காலை 5 வரை 21 வயதுக்குக் கீழே ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம். ஓட்டுகிறவனும் அதே வயது, ஏறுகிறவர்களும் அதே வயது, நேரம் நள்ளிரவு, விபத்து கூடுவது அந்தச் சேர்க்கையில் என்று தெரிந்துதான் அப்படிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். என் கருத்தும் அதுவே. காரைக் கொடுங்கள், அந்த ராத்திரியையும் அந்த நாலு பேரையும் கொடுக்காதீர்கள்.

ராயபுரம் சர்வேயர்

இன்சூரன்ஸ் கேள்விக்கு மட்டும். பெயர் சேர்க்கத் தேவையில்லை. நம்ம நாட்டில் பாலிசி வண்டிக்கு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் உங்கள் அனுமதியோடு ஓட்டினாலும் வண்டிச் சேதத்துக்கும் எதிராளிக்கும் அது நிற்கும். குடித்துவிட்டு ஓட்டினால் வண்டிச் சேதத்துக்கு நிற்காது, ரேஸ் விட்டாலும் நிற்காது. கிளெய்ம் போட்டால் உங்கள் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, போய்விடும், அதைக் காப்பாற்றும் ஆட்ஆன் தனியாக உண்டு, இருக்கிறதா பாருங்கள்.

பலருக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, ஆர்சியில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டும். பையன் ஓட்டி, அவன் தவறால் அவனுக்கே அடிபட்டால் அதில் ஒரு ரூபாய் வராது, மூன்றாம் நபர் காப்பீட்டிலும் கேட்க முடியாது, ஏனென்றால் ஓட்டுகிற அவன் மூன்றாம் நபர் ஆகமாட்டான். அவன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டு பாலிசி எடுங்கள், பிரீமியம் பெரிய தொகை இல்லை. சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் எடுங்கள். பின் சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று சொல்லி வையுங்கள். நான் பார்த்த வண்டிகளில் முன் சீட்டின் முதுகு உடைந்து கிடப்பது பெரும்பாலும் பின்னால் பெல்ட் போடாமல் உட்கார்ந்தவர் வந்து மோதியதால்தான்.

மூலக்கடை மாணவி

அங்கிள், எனக்கு 20 வயது, அப்பாவின் காரை ஓட்டுகிறேன், அதனால் பையன் பக்கம் இருந்து சொல்கிறேன். கார் நிறைய ஃபிரண்ட்ஸ் இருந்தால் பாட்டு சத்தம் ஏறும், பின்னால் இருந்து ஒருத்தன் "மச்சான், எவ்வளவு போகும் பார்க்கலாம்" என்பான், அந்த நேரத்தில் மாட்டேன் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது பெரியவர்களுக்கு மறந்துபோயிருக்கும். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணமாக நீங்கள் இருங்கள். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான காரில் 80 தாண்டினால் பீப் அடிக்கும் இல்லையா, எங்கள் வீட்டில் விதி அதுதான், பீப் கேட்கக் கூடாது. உங்கள் வண்டியின் ஆப்பிலும் கார் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியும். "அப்பா பார்த்துக்கொண்டிருப்பார், அடுத்த வாரம் சாவி கிடைக்காது" என்று அவன் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அவனுக்குத் தெரியாமல் பார்க்காதீர்கள். அது தெரிந்த அன்றைக்கு அவன் உங்களிடம் எதையும் சொல்லமாட்டான். இன்னொன்றும் சத்தியம் செய்து கொடுங்கள்: எந்த ராத்திரி, எந்த ஊரில் இருந்து கூப்பிட்டு "அப்பா, என்னால் ஓட்ட முடியவில்லை, வாங்க" என்றாலும் அன்றைக்குத் திட்டமாட்டேன் என்று. தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடும் தைரியம் அதனால்தான் வரும். விடியற்காலை ஈசிஆரில் எனக்குப் பயம் வேகத்தைவிடத் தூக்கம்தான்.

தண்டையார்பேட்டை அப்பா

எல்லோருக்கும் நன்றி. வீட்டம்மாவையும் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதையும் படித்துக் காட்டினேன். ஆல்டோ பேச்சு முடிந்தது. மாமல்லபுரத்துக்கு நாலு பேரும் பஸ்ஸில் போகிறார்கள், பையன் முகம் இரண்டு நாள் தொங்கிப்போய் இருந்தது, இருக்கட்டும். சிட்னிக்காரர் சொன்ன மாதிரி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம், ஓட்டிய நேரம், எந்த ரோடு, பகலா ராத்திரியா என்று அவனே எழுதுகிறான். 120 மணி நேரம் என்றதும் "அங்கே சட்டம்பா, இங்கே இல்லையே" என்றான், இந்த வீட்டில் சட்டம் என்று அவன் அம்மா சொல்லிவிட்டாள். அவன் பெயரில் விபத்து பாலிசியும் எடுத்தாயிற்று. ஆப் விஷயத்தை அவனிடம் நேராகவே சொன்னேன், சரி என்றான், பதிலுக்கு அவன் கேட்டது மாணவி சொன்ன அந்தச் சத்தியத்தை. கொடுத்துவிட்டேன்.

எண்ணூர் தம்பி, வரும் ஞாயிறு ஷெட்டுக்கு வரலாமா? வண்டியை அவன்தான் ஓட்டி வருவான், நான் பக்கத்தில். அண்ணன் மகனும் பின்னால் ஏறட்டுமா என்று கேட்கிறான், அவனுக்கு 17 வயது.

எண்ணூர் டிரெய்லர்

வாங்கண்ணே. காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்குமேல் கேட் பக்கம் வரிசை கட்டிவிடும். எக்ஸ்பிரஸ் ரோடு வேண்டாம், கத்திவாக்கம் ஹை ரோடு வழியாக வரச் சொல்லுங்கள். அண்ணன் மகன் இந்த வாரம் வேண்டாம், வருகிற ரோடு உங்கள் பையனுக்குப் புதுசு, கவனம் முழுக்க அதில் இருக்கட்டும். ரோடு பழகினதும் அடுத்த தடவை கூட்டி வாருங்கள், அவனையும் கேபினில் ஏற்றிக் காட்டுகிறேன்.