விழுந்து எழுந்தேன், இந்த ஹெல்மெட்டை இன்னும் போடலாமா?

சூளகிரி150 கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் வண்டியிலிருந்து விழுந்தேன். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது, அதுவும் இடது கையால். கேட்க வேண்டியது இரண்டு விஷயம்தான், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் சரியாகப் புரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் சிப்காட்டில் வேலை, சூளகிரியிலிருந்து தினமும் போய்வருகிறேன். அன்று சனிக்கிழமை. திரும்பும்போது மாலை ஆறே முக்கால் இருக்கும். ஒரு வாரம் காய்ந்த வெயிலுக்கு அப்புறம் அப்போதுதான் தூறல் பிடித்திருந்தது. 60, 65-ல் வந்துகொண்டிருந்தேன், அந்த ஹைவேயில் அது ஒரு வேகமே இல்லை. மீடியனில் வளர்த்திருக்கும் அரளிச் செடிக்குள்ளிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது, நான் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். என் வண்டி 2016 மாடல், பிரேக்கை இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. முன் சக்கரம் சறுக்கியது தெரியும். அதற்கடுத்து நினைவில் இருப்பது கண்ணுக்கு நேரே ஓடிய தார் ரோடும், ஹெல்மெட்டின் தாடைப் பகுதி ரோட்டில் கரகரவென்று உரசிய சத்தமும்தான். அந்தச் சத்தம் இன்னும் ராத்திரியில் கேட்கிறது.

பின்னால் வந்த லாரிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மற்ற வண்டிகளை மறித்திருக்கிறார். அவர் செய்திருக்காவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் யார், எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. ஓடிவந்தவர்கள் என் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றி, தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி விட்டார்கள்.

முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஜாக்கெட்டின் வலது தோளும் முழங்கையும் நைந்து போயிருக்கின்றன, உள்ளே எனக்கு லேசான கன்றல் மட்டும். ஆனால் கீழே போட்டிருந்தது சாதாரண ஜீன்ஸ், கேன்வாஸ் ஷூ. வலது முழங்காலில் ஜீன்ஸ் கிழிந்து, தோலும் கிழிந்து, உள்ளே புகுந்த மண்ணை பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்தார்கள். ஏழு தையல். கணுக்கால் வண்டிக்கு அடியில் சிக்கி கிராக் விட்டிருக்கிறது, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி இருக்கிறது, முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்கு என்று சொன்னார்கள். கையில் கிளவுஸ் இருந்தது, மெல்லிய துணி கிளவுஸ்.

இப்போது கேள்வி. ஹெல்மெட்டின் தாடையில் உரசல், வலது பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குத் தேய்மானம், விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் வைசர், அதாவது முன் கண்ணாடி, மாற்றினால் போதும், தாராளமாகப் போடலாம் என்கிறார். என் தங்கை முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது அது. தூக்கிப் போட மனசு வரவில்லை. போடலாமா? இரண்டாவது, தினமும் வேலைக்குப் போக ரைடிங் பேன்ட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு போவது நடக்கிற காரியமா? அப்பா வண்டியையே விற்றுவிடு என்கிறார். எனக்கு பஸ் ஷிஃப்ட் நேரத்துக்கு ஒத்துவராது.

மலைப்பாதை எழுதியது:

உயிரோடு வந்துவிட்டீர்கள் தம்பி, அது போதும். லாரிக்காரரை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

ஹெல்மெட்டைப் போடாதீர்கள். இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். வெளியே தெரிகிற ஓடு மட்டும் உங்கள் தலையைக் காப்பாற்றவில்லை, அதற்குள்ளே நாம் தெர்மாகோல் என்று சொல்கிறோமே, அந்தக் கெட்டி நுரைதான் முக்கியமாகக் காப்பாற்றியது. அடி படும்போது அது நசுங்குகிறது, நசுங்குகிற அந்த நேரத்தில் தலையின் வேகம் குறைகிறது. ஒருமுறை நசுங்கிய இடம் மறுபடி உப்பாது, துணிக்கு அடியில் இருப்பதால் நீங்கள் பார்க்கவும் முடியாது. அடுத்த முறை அதே இடத்தில் அடி விழுந்தால் நசுங்க மிச்சம் இருக்காது, அடி நேராக மண்டைக்குப் போகும். கடைக்காரர் வைசர் விற்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. தலை ரோட்டில் மோதும் வேகம் வேறு, வண்டி ஓடிய வேகம் வேறு. வண்டி வேகம் உங்களை முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது, அதுதான் தோலைத் தேய்க்கிறது. தலை கீழே வந்து மோதுவது அது இருந்த உயரத்தைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற எதுவும் தரையைத் தொடும்போது கிட்டத்தட்ட மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். தெருமுனைக் கடைக்கு 25-ல் போய் விழுந்தாலும் தலைக்கு அந்த அடி உண்டு. பால் வாங்கத்தானே போகிறேன் என்று ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பதறும்.

தங்கை கொடுத்ததைத் தூக்கிப் போட வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் தாடைப் பட்டையை வெட்டிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது யாராவது அவசரத்துக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள்.

புதியது வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கிறதா பாருங்கள், ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். வெறும் ஸ்டிக்கர் ஒட்டி ரோட்டோரத்தில் விற்பது ஏராளம். போட்டுப் பார்க்கும்போது கன்னம் இரண்டும் அழுந்த வேண்டும், தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுதான் சரியான அளவு, போடப் போட ஸ்பான்ஞ் தளர்ந்து பொருந்திவிடும்.

கட்டுப்போடும்_கை எழுதியது:

நான் இருபது வருடமாக அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஹெல்மெட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் மணிக்கட்டைப் பற்றிப் பேச வந்தேன்.

கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி விழும். இடது கையால் அந்தக் குழிக்குள் அழுத்திப் பாருங்கள். சுரீர் என்று வலித்தால் நாளைக்கே எலும்பு டாக்டரிடம் போங்கள். அங்கே முந்திரிப்பருப்பு அளவில் ஒரு எலும்பு இருக்கிறது. விழும்போது கையை ஊன்றுகிறவர்களுக்கு மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் உடைவது பெரும்பாலும் அதுதான். முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த உடைப்பு தெரியாமல் போவது சகஜம், பத்து பதினான்கு நாள் கழித்து எடுத்தால்தான் தெரியும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு விட்டுவிட்டால் சேராமலே போய், பிடிப்பே இல்லாமல் வருடக்கணக்கில் கஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள், இதுதான் சரியான நேரம். தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றினார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்து நெஞ்சு பதைத்தது. அவர்கள் நல்ல மனசோடுதான் செய்தார்கள், ஆனால் கழுத்தெலும்பு விட்டிருந்தால் அந்த ஒரு இழுப்பில் கை கால் விளங்காமல் போயிருக்கும். விழுந்தவர் மூச்சு விடுகிறார், பேசுகிறார் என்றால் வைசரை மட்டும் தூக்கிவிட்டு, தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குக் காத்திருங்கள். மூச்சு இல்லை, வாந்தி அடைக்கிறது என்றால் மட்டும் கழற்றலாம். அதற்கும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து தாங்க வேண்டும், இன்னொருவர் பட்டையை விடுவித்து மெதுவாக எடுக்க வேண்டும். தண்ணீர் கொடுக்கவே கூடாது. மயக்கத்தில் புரையேறும், ஆபரேஷன் தேவைப்பட்டால் அதற்கும் இடைஞ்சல்.

பணத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருகிறவர்களுக்காக ஒன்று. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் வந்தது. விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் சேர்த்து, சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. வெளி மாநிலத்துக்காரர் விழுந்தாலும் உண்டு. தூக்கிக்கொண்டு வருகிறவர் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலேயே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

கடைசியாக, பின்னால் உட்காருகிறவர்கள். 2022-ல் நாடு முழுக்க ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது, அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு நடந்து வருவார், பின்னால் சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வருவார்கள். இதை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணுவதையே நிறுத்திவிட்டேன்.

பழைய_ஸ்ப்ளெண்டர் எழுதியது:

எனக்கு வயது 56. முப்பது வருடத்துக்கு மேல் ஹெல்மெட் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டியிருக்கிறேன். ரைடிங் கியர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கவசம் போட்டதும் கை தானாக முறுக்குகிறது என்பதை என் மகனிடமே பார்த்தேன். விழாமல் இருப்பதற்கு முதலில் செலவு செய்யுங்கள் என்பது என் கருத்து. நீங்கள் டயரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே தம்பி, முன் டயர் எப்போது மாற்றியது? காய்ந்த ரோட்டில் விழுகிற முதல் தூறல்தான் மோசம், ரோட்டில் கிடக்கும் ஆயிலும் தூசியும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும், நன்றாகப் பெய்து கழுவிய பிறகு இவ்வளவு வழுக்காது. அந்த முதல் கால் மணி நேரம் எங்கேயாவது ஒதுங்கி டீ குடித்துவிட்டுப் போங்கள். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் விற்ற 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம், அடுத்த வண்டி வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

நாளைக்கு120கிமீ எழுதியது:

ஐயா சொல்வது சரிதான், டயரும் பிரேக்கும் முதலில். ஆனால் நான் சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன், எவ்வளவு பார்த்து ஓட்டினாலும் வருடத்துக்கு ஒருமுறை யாராவது கார் கதவைத் திறந்துவிடுகிறார்கள். விழுவது நம் கையில் மட்டும் இல்லை.

மே மாதத்தில் முழு ரைடிங் சூட் போட முடியாது, அது உண்மை. அதனால் நான் செய்வதைச் சொல்கிறேன் அண்ணா. மேலே காற்று புகும் மெஷ் ஜாக்கெட். கீழே சாதாரண பேன்ட்தான், அதற்கு மேல் பட்டை போட்டு மாட்டுகிற முழங்கால் காப்பு (கார்டு), இறங்கியதும் ஒரு நிமிடத்தில் கழற்றி சீட்டில் கட்டிவிடலாம். சிப்காட்டில் லாக்கர் இருந்தால் உங்களுக்கு இன்னும் சுலபம். காலுக்கு கணுக்கால் மூடும் ஷூ. எங்கள் ஆட்கள் பலர் கம்பெனியில் கொடுக்கும் சேஃப்டி ஷூவையே போடுகிறார்கள், பைக் பூட்ஸ் அளவுக்கு வராது, ஆனால் கேன்வாஸுக்கு எவ்வளவோ மேல்.

கார்டு வாங்கும்போது உள்ளே இருக்கும் பேடை வெளியே எடுத்துப் பாருங்கள். ஈஎன் 1621 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் லெவல் 1 அல்லது 2 என்பதும் அதன் மேலேயே அச்சில் இருக்கும். லெவல் 2 என்றால் அடியில் இன்னும் குறைவான பங்குதான் எலும்புக்குப் போகும். எதுவுமே அச்சில்லாத மெத்தைப் பஞ்சு மாதிரி இருந்தால் அது சும்மா வடிவத்துக்கு வைத்தது. நான் முதலில் வாங்கிய ஜாக்கெட் அப்படித்தான் இருந்தது, தோள்பட்டை இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

கிளவுஸில் உள்ளங்கையின் அடிப்பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் வைத்தது இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். துணி கிளவுஸ் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், கை அங்கேயே நின்றுவிடும், உடம்பு முன்னால் போகும், மணிக்கட்டு மடங்கும். பிளாஸ்டிக் இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போய்விடும். அக்கா சொன்ன எலும்பு உடைவது இப்படித்தான் என்று எனக்குக் கட்டுப் போட்ட டாக்டர் விளக்கினார்.

ஒரே மாதத்தில் எல்லாம் வாங்க என்னாலும் முடியவில்லை. ஹெல்மெட், கிளவுஸ், முழங்கால், ஷூ, ஜாக்கெட் என்று ஏழு மாதத்தில் ஒவ்வொன்றாக வாங்கினேன்.

சூளகிரி150 எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அக்கா, நீங்கள் சொன்ன குழியை அன்றைக்கு ராத்திரியே அழுத்திப் பார்த்தேன், உயிர் போகிற மாதிரி வலித்தது. மறுநாள் வேறு டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தோம். அதே எலும்புதான், நடுவில் கோடு மாதிரி விரிசல், விலகவில்லை. கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டு போட்டிருக்கிறார், ஆறு வாரத்துக்கு அசைக்கக் கூடாது, அப்புறம் மறுபடி பார்க்கலாம் என்றார். இன்னும் ஒரு மாதம் சுளுக்கு என்று விட்டிருந்தால் ஆபரேஷன் வரை போயிருக்கும் என்று சொன்னார். நான் லேத்தில் நிற்கிறவன், வலது கைதான் என் சோறு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஐயா, முன் டயர் வண்டியோடு வந்ததுதான், இதுவரை மாற்றவில்லை. நேற்று மச்சானை விட்டுப் பார்க்கச் சொன்னேன், நடுவில் வரியே இல்லை என்றான். அப்பாவிடம் அதையும் சொன்னேன். டயர் மாற்றிவிட்டு, கை சரியாகட்டும், அப்புறம் பேசலாம் என்றார். விற்றுவிடு என்று இந்த முறை சொல்லவில்லை.

ஹெல்மெட்டின் பட்டையைத் தங்கையே வெட்டினாள். உள்துணியை உருவிப் பார்த்தோம், வலது பக்கம் நெற்றிப் பொட்டுக்கு நேரே நுரை விரல் நுனி போகும் அளவுக்கு அமுங்கிக் கிடந்தது. அவள் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போகிறோம். அவள் என் பின்னால் உட்கார்ந்து வருவதற்கும் ஒன்று சேர்த்து வாங்குகிறோம்.