தங்கைக்கு 17 வயது, ஐந்து மாதம், கிளினிக் போக அம்மா விடவில்லை

தோட்டத்து அக்கா:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறோம். தங்கை மாசமாக இருப்பது எங்களுக்கே போன வாரம்தான் தெரியும், கல்யாணம் ஆகவில்லை. கிளினிக்கில் எல்லாம் தெரிந்த முகம் என்று அம்மா கூட்டிப்போக விடுவதில்லை, "அந்தக் காலத்தில் நாங்க 16-ல பெக்கலையா" என்று ஒரே பேச்சு. அவளோ காலையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்), மத்தியானம் மெகி நூடுல்ஸ், அவ்வளவுதான் சாப்பாடு. இரண்டு நாளாகத் தலைவலி வேறு. பனடோல் கொடுத்தேன், போகவில்லை.

பழைய மிஸ்ஸி (நர்ஸ்):
அந்தத் தலைவலியை விடாதேம்மா, இன்றைக்கே கூட்டிப் போ. 20 வாரம் தாண்டிய பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், மேல்வயிற்று வலி, இதில் எது வந்தாலும் ரத்த அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும். 140/90-ஐத் தொட்டால் டாக்டர் உடனே பார்க்கணும், முற்றினால் வலிப்பு வரும், சின்ன வயதில் முதல் பிள்ளை சுமப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பிங்க் புத்தகம் (கர்ப்பிணிகளுக்கான பதிவேடு) போட்டு ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் பார்ப்பார்கள், 11-க்குக் கீழே என்றால் சோகை. இரும்பு மாத்திரையைத் தே ஓவோடு விழுங்கினால் சத்து சரியாக ஏறாது, கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிட்டுத் தண்ணீரில் விழுங்கச் சொல். மெகிக்குப் பதில் முட்டை, நெத்திலி, முருங்கைக்கீரை.

லயத்துப் பெண்:
நானும் 17-ல் பெற்றவள்தான். கவுண்டரில் "புருஷன் எங்கே" என்று சத்தமாகக் கேட்டார்கள், அந்த அவமானத்தில் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, திரும்பப் போனபோது ரத்தம் 8. பையன் 35 வாரத்திலேயே பிறந்தான், 2.1 கிலோ. (இப்போது ஆறு வயது, வீட்டில் ஒரு பொருளை உருப்படியாக விட்டுவைப்பதில்லை.) தெரிந்த முகம்தான் பிரச்சினை என்றால் ஈப்போவுக்குப் போங்கள், ஆனால் போங்கள். அப்புறம், அவளைத் திட்டாமல் பேச ஒரு ஆள் வேண்டும். பெற்ற பிறகு எனக்கு மூன்று மாதம் ஓயாத அழுகை, அதுவும் ஒரு நோய்தான் என்று யாரும் சொல்லவில்லை. அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

பாட்டி பேரன்:
அந்தக் காலத்தில் பெற்றார்கள், சரி. என் பாட்டியின் அக்காவும் 16-ல் பெறப் போனவர்தான், அவர் பேரை வீட்டில் இன்னமும் மெதுவாகத்தான் சொல்வார்கள். இதை அம்மாவிடம் காட்டுங்கள்.

தோட்டத்து அக்கா:
போய் வந்தோம், அம்மாவும் வந்தார். அழுத்தம் 130/80, சிறுநீரில் புரதம் இல்லை, ரத்தம் 9.4. அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்கள், தலைவலி கூடினால் காத்திருக்காமல் வரணுமாம். பார்த்த மிஸ்ஸி எங்கள் லயத்து மருமகளேதான். ஒன்றும் கேட்கவில்லை, "எங்க வீட்டுல கொய்யா காய்ச்சிக் கிடக்கு, வந்து பறிச்சுட்டுப் போ" என்று மட்டும் தங்கையிடம் சொன்னார்.